அடுப்படியில் நிற்பவளுக்கும் ரமழான் உண்டு: நம் பெண்கள் கேட்ட கேள்விகள்

ரமழானுக்கு முந்திய ஷஃபான் மாதம் பிறந்ததும், திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவில் எங்கள் வீட்டு விறாந்தையில் அயல் பெண்கள் கூடுவது பல வருடப் பழக்கம். மூதூரிலிருந்தும் தோப்பூரிலிருந்தும் உறவுக்காரப் பெண்கள் வருவார்கள். புல்மோட்டையில் திருமணம் முடித்துப் போனவர்கள் தொலைபேசியில் கேட்பார்கள். முகங்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றையும், நான் கற்றவர்களிடம் கேட்டும் படித்தும் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். சட்டம் சம்பந்தமான இடங்களில், நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபை (சட்ட வழியை) ஒட்டியே எழுதியிருக்கிறேன். வேறு கருத்தைப் பின்பற்றுகிறவர்கள் தங்கள் உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அஸர் (பிற்பகல்) தொழுதுவிட்டு அடுப்படிக்குள் போனால், நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு சொல்லும்வரை வெளியே வர முடிவதில்லை. ஆண்கள் பள்ளிவாசலில் ஓதுகிறார்கள், திக்ர் (இறைநினைவு) செய்கிறார்கள். எனக்கு என்ன ரமழான் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பெரும்பாலான பெண்களுக்குக் குரல் தழுதழுக்கும். ஆகவே முதலில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நபிகளாரின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அவர்கள், “குர்ஆனில் ஆண்கள் குறிப்பிடப்படுவதைப்போல நாங்கள் ஏன் குறிப்பிடப்படுவதில்லை?” என்று நபிகளாரிடமே கேட்டார்கள். அதற்குப் பதிலாக இறங்கியது அஹ்ஸாப் அத்தியாயத்தின் 35ஆவது வசனம். பத்துப் பண்புகளை அல்லாஹ் அதில் வரிசையாகச் சொல்கிறான். ஒவ்வொன்றிலும் ஆண்களைச் சொன்ன கையோடு பெண்களையும் தனியாகச் சொல்கிறான். எட்டாவதாக வருவது “நோன்பு நோற்கும் ஆண்களும் நோன்பு நோற்கும் பெண்களும்” என்பது. எல்லோருக்கும் சேர்த்து ஒரே மன்னிப்பையும் ஒரே மகத்தான கூலியையும் வாக்களித்து வசனம் முடிகிறது. ஒரு பெண் மனக்குறையோடு கேட்டாள், வானத்திலிருந்து பதில் வந்தது. உங்கள் நோன்பு யாருடைய நோன்புக்கும் ஒட்டுப்பொருள் அல்ல.

நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்பவருக்கு அந்த நோன்பாளியின் கூலியைப் போன்றது உண்டு, நோன்பாளியின் கூலியில் எதுவும் குறையாது என்றும் நபிகளார் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ஆறு பேர் நோன்பு திறந்தால் அந்த ஆறு பேருடைய நோன்பிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. தேங்காய் துருவும்போதும் இஞ்சி பூண்டு தட்டும்போதும் இந்த நிய்யத்தை (எண்ணத்தை) மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நாக்கு சும்மாதான் இருக்கிறது. ஸுப்ஹானல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வுழூவும் (தொழுகைக்கு முந்திய கழுவுதலும்) தேவையில்லை, தொழுகைப் பாயும் தேவையில்லை.

இதைச் சொன்னதற்காகச் சமையலைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் சொல்ல வருவது அதற்கு நேர்மாறு.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பார்த்த ஒரு காட்சி இன்றும் கண்ணைவிட்டுப் போகவில்லை. பள்ளியில் பாங்கு சொல்கிறது. முன்னறையில் பாய் விரித்து வாப்பாவும் நானாமாரும் பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். உம்மா அடுப்படியில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறார். வலது கையில் கரண்டி, சட்டியில் கடைசி ஐந்து வடைகள். இடது கையால் குடத்தடிக் கிண்ணத்தை எடுத்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பவும் வடையைப் புரட்டுகிறார். முந்தானையால் நெற்றியைத் துடைக்கிறார். அன்றைய நோன்பை உம்மா அப்படித்தான் திறந்தார். ஒரு துஆகூடக் கேட்டிருக்க மாட்டார். நோன்பாளியின் துஆ மறுக்கப்படுவதில்லை என்று ஹதீஸ் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதிகம் கேட்க வேண்டியவர் அவர்தான், அந்த நேரத்தில் அவர் கையில் கரண்டி இருந்தது.

ஆகவே என் வீட்டில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். மஃரிபுக்கு அரைமணி நேரம் முந்தி அடுப்பு அணைந்துவிடும். அதற்குள் ஆனது ஆனதுதான். கஞ்சி இருந்தால் போதும், பள்ளியிலிருந்து வந்தால் அதுவும் சமைக்கத் தேவையில்லை. பொரியல் ஒரு வகை. வடை என்றால் வடை, சமோசா என்றால் சமோசா. நான்கு வகையும் வேண்டும் என்பவர் பொரிக்கக் கற்றுக்கொள்ளட்டும். இதைக் கோபத்தோடு சொல்லவில்லை. நபிகளார் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டபோது, தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் தொழப் போவார்கள் என்றுதான் ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னார்கள். சர்பத் கரைப்பதும் கோப்பை அடுக்குவதும் ஆண் பிள்ளைக்கு ஸுன்னத்தைப் பழக்குவதுதான்.

அந்த அரைமணி நேரத்தில் முகம் கழுவி, வுழூ செய்து, பாயில் உட்காருங்கள். பெயர் பெயராகச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளையின் படிப்பு, அடைக்க வேண்டிய கடன், மருமகளோடு உள்ள மனத்தாங்கல், கபுறில் இருக்கும் உம்மா எல்லாவற்றையும் சொல்லுங்கள். தண்ணீர் தொண்டையில் இறங்கியதும் நபிகளார் சொன்னதையே சொல்லுங்கள்: “தாகம் தணிந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியாகிவிட்டது.” கச்சான் காற்று அடிக்கும் மாதத்தில் நோன்பு பிடித்தவளுக்கு அந்த “நரம்புகள் நனைந்தன” என்பதன் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: சமைக்கும்போது உப்புப் பார்த்தால் நோன்பு முறியுமா?

நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பிவிட்டால் முறியாது. சமைப்பவருக்குத் தேவை இருக்கிறபடியால் அதில் வெறுப்பும் இல்லை. விழுங்கிவிடக் கூடாது, அவ்வளவுதான்.

கேள்வி: ஸஹருக்கு (விடியலுக்கு முந்திய சாப்பாட்டுக்கு) எல்லோருக்கும் முந்தி எழும்பிச் சோறு சூடாக்குகிறேன். தூக்கக் கலக்கத்தில் இபாதத் எதுவும் செய்ய முடிவதில்லை.

தாரியாத் அத்தியாயத்தில் அல்லாஹ் நல்லடியார்களை வர்ணிக்கும்போது, “ஸஹர் நேரங்களில் அவர்கள் பாவமன்னிப்புத் தேடிக்கொண்டிருப்பார்கள்” என்கிறான். அந்த நேரத்தில் நம் ஊரில் முதலில் விளக்கு எரிவது எந்த அறையில்? அடுப்படியில்தான். மற்றவர்கள் எழும்ப இன்னும் இருபது நிமிடம் இருக்கும். சோறு சூடாகும்வரை பக்கத்தில் நின்றபடியே அஸ்தஃக்ஃபிருல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருங்கள். முடிந்தால் இரண்டே ரக்அத் தொழுங்கள். வருடம் முழுக்கத் தஹஜ்ஜுத் என்ற பின்னிரவுத் தொழுகைக்கு எழும்ப முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள், இந்த ஒரு மாதம் அல்லாஹ்வே எழுப்பிவிடுகிறான் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வானொலியில் கொழும்பு நேரத்தைக் கேட்டுக்கொண்டு ஸஹர் சாப்பிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. நாம் கிழக்குக் கரையில் இருக்கிறோம். மாசி, பங்குனி நாட்களில் நமக்குப் பொழுது விடிவதும் அடைவதும் கொழும்பைவிட ஏறத்தாழ ஐந்து நிமிடம் முந்தி. கொழும்பு நேரத்தைப் பார்த்து நோன்பு திறந்தால் ஐந்து நிமிடத் தாமதம், அதனால் நட்டமில்லை. கொழும்பு நேரத்தைப் பார்த்து ஸஹர் சாப்பிட்டால் ஸுபஹ் (விடியல் தொழுகை நேரம்) நுழைந்த பிறகும் வாயில் சோறு இருக்கும். திருகோணமலைக்குரிய நேர அட்டவணையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: கடைசிப் பத்தில் எனக்கு மாதவிடாய் வந்துவிட்டது. லைலத்துல் கத்ர் (மகத்துவமிக்க இரவு) போய்விட்டதே என்று அழுதேன். என் பாவத்தினால்தான் இப்படி நடந்ததா?

இல்லை. ஒருபோதும் அப்படி நினைக்காதீர்கள்.

நபிகளாரோடு ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட ஆயிஷா (ரலி) அவர்களுக்கு வழியில், ஸரிஃப் என்ற இடத்தில், மாதவிடாய் வந்துவிட்டது. அவர்களும் அழுதார்கள். நபிகளார் வந்து பார்த்து, “ஆதமுடைய பெண் மக்கள்மீது அல்லாஹ் விதித்த விஷயம் இது” என்றார்கள். கஅபாவைச் சுற்றிவரும் தவாஃபைத் தவிர ஹாஜிகள் செய்வதையெல்லாம் செய்யச் சொன்னார்கள். கோபமில்லை, குறை சொல்லவில்லை. எது இல்லை என்று ஒன்றைச் சொல்லிவிட்டு, மற்றவை அனைத்தும் உனக்கு உண்டு என்று கையில் கொடுத்தார்கள். நம் வீட்டிலும் அப்படியே பாருங்கள். அந்நாட்களில் தொழுகையும் நோன்பும் இல்லை. நம் மத்ஹபின்படி குர்ஆன் பிரதியான முஸ்ஹஃபைத் தொடுவதும் ஓதும் நோக்கத்தோடு குர்ஆன் ஓதுவதும் இல்லை. திக்ர் உண்டு, ஸலவாத் உண்டு, இஸ்திஃக்பார் உண்டு, குர்ஆன் ஓதுவதைச் செவிமடுப்பது உண்டு, ஸதகா உண்டு. ரப்பனா ஆதினா போன்ற வசனங்களை துஆவாகக் கேட்கலாம். லைலத்துல் கத்ரில் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்டவரே ஆயிஷா (ரலி) அவர்கள்தான். அதற்கு நபிகளார் சொல்லிக் கொடுத்தது ஒரு தொழுகை அல்ல, ஒரு துஆ: “அல்லாஹும்ம இன்னக்க அஃபுவ்வுன் துஹிப்புல் அஃப்வ ஃபஃஃபு அன்னீ.” யா அல்லாஹ், நீ மன்னிப்பவன், மன்னிப்பதை விரும்புகிறவன், என்னை மன்னித்துவிடு. இதைச் சொல்லக் குளித்துத் துப்புரவாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. ஆகவே இரவில் மற்றவர்கள் எழும்பும்போது நீங்களும் எழும்புங்கள். அவர்கள் தொழட்டும், நீங்கள் ஒரு மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இதைச் சொல்லிக்கொண்டே இருங்கள்.

நோன்பை விடுகிற நாளில் நீங்கள் கீழ்ப்படிவது அல்லாஹ்வின் கட்டளைக்குத்தான். நோற்றபோதும் அதே கட்டளைக்குத்தான் கீழ்ப்படிந்தீர்கள். சிலர் நானாமாரும் மச்சான்மாரும் அறிந்துவிடுவார்களே என்ற வெட்கத்தில் பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடக்கிறார்கள். உடம்பை வருத்தாதீர்கள். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும், “உம்மாவுக்கு இன்று நோன்பு இல்லை” என்பதைச் சாதாரணமாகச் சொல்லிப் பழக்கலாம். விட்ட நாட்களைச் சுவர்க் கலண்டரில் சிறு வட்டமிட்டு வையுங்கள். பெருநாள் கழிந்ததும் மறந்துபோகும். விட்ட தொழுகைகளைத் திருப்பித் தொழ வேண்டியதில்லை, நோன்புகளை மட்டும் அடுத்த ரமழானுக்குள் களாச் செய்துவிட வேண்டும். ஆயிஷா (ரலி) அவர்களே ஷஃபானில்தான் களாவை நிறைவேற்ற முடிந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள்.

கேள்வி: மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை குடிக்கலாமா?

உடம்புக்குக் கேடில்லை என்று மருத்துவர் சொன்னால் கூடும் என்பது பல உலமாக்களின் கருத்து. மருத்துவரைக் கேட்காமல் மருந்துக் கடையில் வாங்கிக் குடிப்பது சரியில்லை. என்னைக் கேட்டால், ஆயிஷா நாயகி அழுத இடத்தில் நபிகளார் சொன்ன ஆறுதல் எனக்குப் போதும்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். நோன்பை விட்டால் மாமி வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். என்ன செய்வது?

பயணியிடமிருந்தும் கர்ப்பிணியிடமிருந்தும் பாலூட்டுபவளிடமிருந்தும் அல்லாஹ் நோன்பை இறக்கி வைத்திருக்கிறான் என்று நபிகளார் சொல்லியிருக்கிறார்கள். அல்லாஹ் இறக்கி வைத்த சுமையை மாமி ஏற்றி வைக்க முடியாது. உடம்பு இடம் கொடுத்தால், மருத்துவரும் சம்மதித்தால் நோற்கலாம். தலைசுற்றல், குழந்தையின் அசைவு குறைவது போன்றவை தெரிந்தால் உடனே திறந்துவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். தன் உடலுக்கு அஞ்சி விட்டவர் களா மட்டும் செய்தால் போதும். குழந்தைக்கு மட்டும் அஞ்சி விட்டவர் களாவோடு நாளொன்றுக்கு ஒரு முத்து (அரபு அளவு) அரிசி, அதாவது ஏறத்தாழ 600 கிராம், ஏழைக்குக் கொடுக்க வேண்டும் என்பது நம் மத்ஹபின் நிலை.

இதை வாசிக்கும் மாமிமாரிடம் ஒரு வேண்டுகோள். மருமகளுக்குப் பகலில் ஒரு கோப்பை பால் ஆற்றி நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அவள் அதை ஆயுளுக்கும் மறக்கமாட்டாள்.

கேள்வி: உம்மாவுக்கு எழுபது வயது, கடும் நீரிழிவு. மருத்துவர் வேண்டாம் என்கிறார். “என் வாழ்நாளில் ஒரு நோன்பும் விட்டதில்லை” என்று பிடிவாதம் பிடிக்கிறார்.

இந்தப் பிடிவாதத்துக்குள் இருப்பது ஈமான். அதனால் அதட்டக் கூடாது. “அல்லாஹ் உங்களுக்கு இலகுவையே நாடுகிறான், கஷ்டத்தை நாடவில்லை” என்பது நோன்பைப் பற்றிய வசனத்துக்குள்ளேயே, பகரா அத்தியாயத்தின் 185ஆவது வசனத்தில் இருக்கிறது. அதை உம்மாவுக்கு ஓதிக் காட்டுங்கள். குணமாகும் எதிர்பார்ப்பு இல்லாத நோயாளிக்கும் தள்ளாத முதியவருக்கும் களாவும் இல்லை, நாளுக்கு ஒரு முத்து அரிசி ஃபித்யா (பரிகாரம்) மட்டுமே. அந்த அரிசியை நீங்கள் கணக்காகக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாமல், உம்மாவின் கையாலேயே அளந்து, உம்மாவின் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். எங்கள் உம்மம்மா அப்படித்தான் தன் கடைசி மூன்று ரமழான்களைக் கழித்தார். தினமும் அஸருக்குப் பிறகு சுண்டு என்ற அளவுக் கிண்ணத்தால் அரிசி அளந்து பைக்குள் போடுவார், ஒவ்வொரு சுண்டுக்கும் பிஸ்மி சொல்வார். நோன்பு இல்லை என்ற கவலை அந்த அரிசி மணிகளோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோனதை அவர் முகத்தில் பார்த்தேன். நோன்பு திறக்கும் பாயில் அவருக்குத்தான் முதல் இடம்.

நோற்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த நீரிழிவுக்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. வியர்த்து, கை நடுங்கினால் மஃரிபுக்குப் பத்து நிமிடம் இருந்தாலும் திறந்துவிட வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் மூன்று ஹத்தம் (குர்ஆனை முழுதாக ஓதுவது) முடித்துவிட்டார்கள். நான் எழுத்துக் கூட்டித்தான் ஓதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்பது நபிமொழி. வெட்கப்படக் காரணமே இல்லை. சரளமாக ஓதக்கூடியவர்களுக்கு ஒரு கணக்கு: மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃப் 604 பக்கம். ஒவ்வொரு பர்ளு (கடமை) தொழுகைக்குப் பிறகும் நான்கு பக்கம் ஓதினால் நாளுக்கு ஏறத்தாழ ஒரு ஜுஸ்உ (முப்பதில் ஒரு பங்கு), மாதத்தில் ஒரு ஹத்தம். எழுத்துக் கூட்டுபவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. நாளுக்கு ஐந்து வசனம் ஓதி, அதன் தமிழ்ப் பொருளையும் வாசியுங்கள்.

கேள்வி: ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹ் பள்ளியிலா, வீட்டிலா? எட்டு ரக்அத்தா, இருபதா?

எண்ணிக்கைச் சண்டைக்குள் நான் வரவில்லை. அந்தச் சண்டையில் உறவு முறிந்த வீடுகளை எனக்குத் தெரியும். நீங்கள் தொழுவதை நிம்மதியாகத் தொழுங்கள். பெண்களைப் பள்ளியிலிருந்து தடுக்க வேண்டாம் என்றும், வீடு அவர்களுக்குச் சிறந்தது என்றும் ஒரே ஹதீஸில் வந்திருக்கிறது. கைக்குழந்தைக்காரிகளுக்கு என் ஆலோசனை: நம் பகுதியில் உம்மா வீடும் ராத்தா வீடும் தங்கை வீடும் ஒரே வளவுக்குள்தானே இருக்கின்றன. ஒரு வீட்டில் கூடித் தொழுங்கள். நன்றாக ஓதத் தெரிந்தவர் இமாமாக நிற்கலாம், பெண் இமாம் வரிசையின் நடுவில் நிற்க வேண்டும். உம்மு ஸலமாவும் ஆயிஷாவும் (ரலி) அப்படிப் பெண்களுக்குத் தொழுவித்திருக்கிறார்கள். ஒருத்தி குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் தொழலாம். நான்கு ரக்அத்துக்கு ஒருமுறை ஆள் மாறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் சவூதியில் வீட்டுப் பணிப்பெண். நோன்பு மாதத்தில் வேலை இரட்டிப்பு. தொழுகையைத் தவிர எதற்கும் நேரமில்லை. பிள்ளைகள் மூதூரில் உம்மாவோடு இருக்கிறார்கள்.

சகோதரி, சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம் பிந்தியது. இங்கே உங்கள் பிள்ளை நோன்பு திறந்துவிட்டு, “உம்மா, நாங்கள் திறந்துவிட்டோம்” என்று அழைக்கும்போது அங்கே உங்களுக்கு இன்னும் நான்கு மணி ஆகவில்லை. வெறும் வயிற்றோடு மாவு பிசைந்துகொண்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் உங்கள் நெஞ்சு என்ன பாடுபடும் என்பதை நம் ஊரில் எத்தனையோ வீடுகள் அறியும். “உங்களில் ஆணோ பெண்ணோ எவர் செய்த செயலையும் நான் வீணாக்கமாட்டேன்” என்பது ஆலு இம்ரானில் அல்லாஹ்வின் வாக்கு. பிள்ளைகளின் வயிற்றுக்காகக் கடல் தாண்டிப் போனதும் அந்தச் செயல்களுக்குள் அடங்கும். அங்கே உங்களால் முடிந்தது பர்ளு தொழுகையும் நோன்பும், வேலைக்கிடையில் நாவில் திக்ரும். அதற்கு மேல் செய்ய முடியாததற்குக் குற்ற உணர்வு வேண்டாம். பிள்ளை அழைக்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள்: அவர்கள் நோன்பு திறக்க ஐந்து நிமிடம் முந்தி அழைக்கச் சொல்லுங்கள். நீங்கள் அங்கிருந்து துஆக் கேளுங்கள், அவர்கள் இங்கிருந்து ஆமீன் சொல்லட்டும்.

ஊரில் இருக்கிற நாமும் அந்தப் பிள்ளைகளுக்குப் பெருநாள் உடுப்பு வந்ததா என்று இப்போதே போய்ப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பக்கத்து வீட்டுத் தமிழ் அக்காவுக்கு நோன்புக் கஞ்சி கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டும். குழம்பு சமைத்தால் தண்ணீரைக் கூட்டி அயலவருக்கும் கொடு என்று நபிகளார் அபூதர் (ரலி) அவர்களிடம் சொன்னார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்தபோது, “நம் யூத அயலவருக்குக் கொடுத்தீர்களா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். திருகோணமலையில் வேலிக்கு அந்தப்பக்கம் யார் என்று பார்த்துக் கோப்பை நீட்டும் வழக்கம் நம் முன்னோருக்கு இருக்கவில்லை. அந்த அக்கா இறைச்சி சாப்பிடாதவராக இருந்தால், இறைச்சி போடுவதற்கு முந்தித் தனிச் சட்டியில் எடுத்து வையுங்கள். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் றம்பை இலையும் போட்ட வெறும் கஞ்சியின் சுவை தனி.

கேள்வி: நோன்போடு ஊர்க்கதை பேசினால் நோன்பு முறியுமா?

சட்டப்படி முறியாது. ஆனால் பொய்ப் பேச்சையும் அதன்படி நடப்பதையும் விடாதவர் உணவையும் பானத்தையும் விடுவதில் அல்லாஹ்வுக்குத் தேவை எதுவுமில்லை என்ற ஹதீஸ் என்னைப் பல தடவை நடுங்க வைத்திருக்கிறது. லுஹருக்கும் அஸருக்கும் இடையில்தான் நாக்கு வழுக்கும். அந்த நேரத்தில் தூங்கிவிடுங்கள். உண்மையாகவே சொல்கிறேன்.

கேள்வி: கடைசிப் பத்து வந்தாலே உடுப்பு வாங்குவதும் தைப்பதும் பலகாரமுமாகப் போய்விடுகிறது. என்ன செய்யலாம்?

இருபதாம் நோன்புக்கு முந்தி முடித்துவிடுங்கள். பிள்ளைகளுக்கான துணியை ஷஃபானிலேயே வாங்கினால் விலையும் குறைவு, கடைத்தெரு நெரிசலும் இல்லை. கடைசிப் பத்து வந்துவிட்டால் நபிகளார் இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, இரவை உயிர்ப்பித்து, வீட்டாரையும் எழுப்பிவிடுவார்கள். எழுப்பப்பட்டது வீட்டுப் பெண்கள்தானே. ஒற்றைப்படை இரவுகளில் மறுநாள் ஸஹருக்கு முந்திய நாள் கறியே போதும் என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

ஆளுக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ ஸகாத்துல் ஃபித்ர் அரிசியை வீட்டுத் தலைவர் பெருநாள் தொழுகைக்கு முந்திக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியலை எழுதுவது உங்கள் வேலை. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது ஆண்களைவிட நமக்குத்தான் தெரியும்.

கேள்வி: மாதவிடாய்க்காரி பெருநாள் திடலுக்குப் போகலாமா?

போகலாம். எல்லாப் பெண்களையும், மாதவிடாய் உள்ளவர்களையும் கூட, பெருநாள் திடலுக்குக் கூட்டிவருமாறு நபிகளார் கட்டளையிட்டதாக உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். தொழும் இடத்திலிருந்து விலகி நிற்பார்கள், நன்மையிலும் முஸ்லிம்களின் துஆவிலும் கலந்துகொள்வார்கள். “எங்களில் ஒருத்தியிடம் மேலாடை இல்லையென்றால்?” என்று உம்மு அதிய்யா கேட்டார்கள். “அவளுடைய சகோதரி தன் மேலாடையில் ஒன்றை அவளுக்குக் கொடுக்கட்டும்” என்றார்கள் நபிகளார். அதனால்தான் எங்கள் வளவில் இருபத்தொன்பதாம் நோன்பன்று இரண்டு அபாயாவைக் கூடுதலாகத் துவைத்து, மடித்து, விறாந்தைக் கதிரையில் வைத்திருப்போம். யார் எடுத்தார்கள் என்று நாங்கள் பார்ப்பதில்லை.